பயண நேரம்

ராஜினாமா ஏற்கப்பட்டதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எஸ்தெலா மனாலாங் வழக்கம்போலக் கைப்பையும் கோப்புப் பையுமாக வந்து வாசல் கேட்டருகே நின்றுவிட்டாள். நாயை நடத்திக்கொண்டு போன எதிர்வீட்டுக்காரர் காலை வணக்கம் சொன்னார். பதிலுக்குச் சொல்லிவிட்டுத் தெருமுனையைப் பார்த்தபோதுதான் தன்னை ஏற்றிப்போகும் அமைச்சகத்து வெள்ளை வண்டி இனி வராது என்பது உறைத்தது. உடனே உள்ளே திரும்பினால் அவர் கவனித்துவிடுவார் என்று கூச்சமாக இருந்தது. நாய் மூன்று வீடு தள்ளி ஒரு மின்கம்பத்தை முகர்ந்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள். பிறகு எதையோ மறந்துவிட்டவள்போல நெற்றியைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனாள். அறுபத்தொரு வயதில், சொந்த வீட்டுக்குள் நுழைய இப்படி ஒரு நடிப்பு வேண்டியிருந்தது. காபி போட்டு அதையும் நின்றபடியே குடித்தாள்.

புதிய ஆட்சி வந்தால் உயர் அதிகாரிகள் எல்லோரும் மரியாதைக்கு ஒரு ராஜினாமாக் கடிதம் கொடுப்பது மணிலாவில் வழக்கம். கொடுப்பவர் மனதில் போகிற எண்ணம் இருக்காது, வாங்குபவரும் படிக்கமாட்டார். அவளுடையதை மட்டும் யாரோ படித்துவிட்டார்கள். இரண்டே வரியில் நன்றி சொல்லிப் பதில் வந்தது. அதில் அவள் பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தது.

பம்பாங்கா மாகாணத்தில் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியையின் ஒரே மகள் அவள். உதவித்தொகையில் படித்து, அமெரிக்காவில் ஆறு பனிக்காலங்களைக் கழித்து டாக்டர் பட்டம் வாங்கினாள். உடன் படித்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே தங்கிவிட, இவள் திரும்பி வந்தாள். நாற்று நடப்போகும் பெண்கள் வயலுக்கு நடந்துபோகிற நேரத்துக்கு என்ன மதிப்பு என்பதுதான் அவளுடைய ஆய்வு. வீட்டிலிருந்து வரப்பு வரைக்கும் அவர்களோடு கூடவே நடந்து, கையில் கடிகாரத்தோடு குறிப்பெடுத்தவள். பதினெட்டு வருடம் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினாள். அப்புறம், கூடப் படித்த ஒருவர் அமைச்சரானபோது, ரெண்டு வருஷம் வந்து கைகொடுத்துட்டுப் போ என்று கூப்பிட்டார். இரண்டு ஒன்பதாயிற்று. கூப்பிட்டவர் மூன்றாவது வருடமே பதவியை விட்டுப் போய்விட்டார். அவள் துணைச் செயலராக இருந்துகொண்டே இருந்தாள். பாலம், துறைமுகம், ரயில் பாதை என்று நாட்டில் பெரிதாக எது கட்டினாலும், அதனால் வரும் நன்மை செலவைவிட அதிகமா என்று பார்த்துச் சொல்லும் குழுவுக்கு அவள்தான் தலைவி. கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு கல்லும் நகராது.

ஜூலையில் பல்கலைக்கழகம் அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பழைய அறையில் வேறொருவர் இருந்தார். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை கிடைத்தது. அதன் பாதியில் பழைய தேர்வுத்தாள் கட்டுகள் அடுக்கியிருந்தன. இளைய ஆசிரியர்கள் மரியாதையாகத்தான் இருந்தார்கள். அவள் உணவுக்கூடத்துக்குள் வந்தால் எழுந்து நாற்காலி இழுத்துப் போடுவார்கள். போட்டுவிட்டு, அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திக்கொள்வார்கள். அமைச்சகத்தில் இருந்த ஒன்பது வருடமும் அங்கே அவளைப் பேராசிரியை என்றுதான் குறிப்பிட்டார்கள், கொஞ்சம் கேலியாக. இங்கே வந்தால் அரசாங்கத்து ஆள் என்கிறார்கள். ஒரு நாளைக்கு அறுபது தடவை அதிர்ந்த கைபேசியில் இப்போது மின்வாரியம் மட்டும் மாதம் ஒருமுறை பேசியது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாரிடமும் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பதைத் திங்கட்கிழமை வகுப்பில் வாயைத் திறக்கும்போது தொண்டை கரகரப்பதை வைத்துத் தெரிந்துகொள்வாள்.

அப்போதெல்லாம் நினைவுக்கு வருகிறவர் மாங் நார்சிங். வெள்ளை வண்டியின் ஓட்டுநர்; மாங் என்பது வயதில் மூத்தவரை மரியாதையாக அழைக்கும் சொல். ஒன்பது வருடத்தில் அவள் மிக அதிகமாகப் பேசியது யாரிடம் என்று பார்த்தால் எந்த அமைச்சரிடமும் இல்லை, அவரிடம்தான். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் இரண்டு. எட்சா சாலையின் நெரிசலில் வண்டி அசையாமல் நிற்கும்போது இரண்டு பேரும் வானொலியில் தொடர் நாடகம் கேட்பார்கள். மாமியாரை விஷம் வைத்துக் கொன்றது மருமகள் இல்லை, தங்கைதான் என்று அவர் பந்தயம் கட்டுவார். அவருடைய முகத்தைவிடப் பின்கழுத்துத்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும். வலது காதுக்குக் கீழே ஒரு மச்சம். முடி வெட்டிய மறுநாள் அது பெரிதாகத் தெரியும். சந்தையில் கலுங்கோங் மீன் என்ன விலை என்று கேட்பது அவள் வழக்கம். "ஞாயித்துக்கிழமை மீன்காரி என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா, டாக்டரம்மா. ஏறிப்போச்சுன்னு அர்த்தம்" என்பார். அதை அவள் மந்திரிசபைக் கூட்டத்தில், களத்திலிருந்து கிடைத்த தகவல் என்று சொல்லுவாள். புள்ளிவிவரத் துறை இரண்டு வாரம் கழித்து அதையே சொல்லும்.

அவள் அம்மா இறந்த அன்று பம்பாங்கா வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். மூன்று நாள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்துபோனவர்களுக்கெல்லாம் காபியும் பிஸ்கட்டும் அவரே நீட்டினார். சொந்தக்காரர்கள் அவரை யாரோ ஒன்றுவிட்ட அண்ணன் என்றே நினைத்துக்கொண்டார்கள். எஸ்தெலா மறுக்கவில்லை. அவருடைய மனைவி லூடிங்குக்கு ரத்தக்கொதிப்பு என்பதும், மூத்தவள் ஜெனலின் நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கணக்கர் படிப்பில் சேர்ந்தாள் என்பதும், கடைக்குட்டிக்குக் கூடைப்பந்துப் பைத்தியம் என்பதும் அவளுக்குத் தெரியும். வீடு எங்கே என்று முதல் வாரத்தில் கேட்டபோது நகருக்குள்ளேயே, சம்பாலோக் பக்கம் என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

டிசம்பர் பிறந்தது. வருடா வருடம் அவருக்கு ஒரு கிறிஸ்துமஸ் ஹாம், பதப்படுத்திய பன்றித்தொடை, கொடுப்பது வழக்கம். கடையில் நின்றவள் யோசிக்காமல் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவிட்டாள். அவர் எண்ணுக்கு அடித்தால் அது புழக்கத்தில் இல்லை என்றது. அமைச்சக வண்டிக் கொட்டகைக்குப் பேசினாள். அங்கிருந்த எழுத்தர் பெண் குரலை அடையாளம் கண்டு பரபரத்துப்போனாள். மாங் நார்சிங் ஆகஸ்டிலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். வீட்டு முகவரி இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்று படித்தாள். பிளாக் இருபத்தேழு, லாட் ஒன்பது, விலா பெனிக்னா.

எழுதிக்கொண்டே வந்த பேனா அந்தப் பெயரில் நின்றது. தப்பாகப் படிக்கிறாளோ என்று நினைத்து, பழைய முகவரியா புதியதா என்று கேட்டாள். ஆறரை வருடமாக இதுதான் இருக்கு டாக்டரம்மா, அதுக்கு முன்னாடி இருந்ததை அடிச்சிருக்காங்க, ஏதோ தண்டவாளத் தெரு, என்றாள் அந்தப் பெண்.

வடக்கு ரயில் பாதையை அகலப்படுத்தும் திட்டத்தின் அறிக்கையில், நான்காவது பின்னிணைப்பில் வருகிற பெயர் அது. தண்டவாளத்தின் இருபுறமும் குடியிருந்த பல்லாயிரம் குடும்பங்களை, புலாக்கான் மாகாணத்து மலையடிவாரத்தில் வீடு கட்டிக் குடியேற்றுவதாகத் திட்டம். அவள் குழு பார்த்து, அவள் கையெழுத்திட்டது.

சனிக்கிழமை காலை கிளம்பினாள். ஜீப்னி என்கிற சிற்றுந்து, பிறகு பேருந்து, பிறகு வேறொரு ஜீப்னி, அதற்குமேல் பக்கத்தில் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள். மடியில் ஹாம் கனத்தது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவளை அறியாமல் கடிகாரத்தைப் பார்த்தாள். வரப்பில் நடந்த காலத்துப் பழக்கம். சனிக்கிழமை, நெரிசல் இல்லாத நாள். அப்படியும் மூன்று மணி நேரமும் பத்து நிமிடமும் ஆகியிருந்தது.

ஒரே அச்சில் வார்த்த சின்ன வீடுகள், வரிசை வரிசையாக மேடேறிப் போயின. சிலர் முன்னால் தகரம் இழுத்து ஒரு கடை வைத்திருந்தார்கள். சிலர் மாடி எழுப்ப ஆரம்பித்துக் கம்பிகளோடு விட்டிருந்தார்கள். ஒரு திருப்பத்தில் கொத்தாக நிறுத்தியிருந்த தொட்டி வண்டிகளில் ஒன்றின்மேல், பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஒருவர் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சீட்டாடிக்கொண்டிருந்தார். வலது காதுக்குக் கீழே மச்சம். அவள் கூப்பிடுவதற்கு முன் அவரே பார்த்துவிட்டார். சீட்டை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தவர், முதலில் செய்தது பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டதுதான். ஒன்பது வருடத்தில் அவரை இஸ்திரி போட்ட சட்டையில்லாமல் அவள் பார்த்ததில்லை.

"டாக்டரம்மா, வண்டி எங்க?" என்றார். வேறெதுவும் அவருக்கு முதலில் தோன்றவில்லை.

"பஸ்லதான் வந்தேன்."

"பஸ்லயா!" அவர் கூட ஆடியவர்களைத் திரும்பிப் பார்த்தார், அவர்கள் செய்த தப்புப்போல.

வீட்டில் இருந்த ஒரே கைவைத்த நாற்காலியை அவளுக்குப் போட்டு, மின்விசிறியை அவள் பக்கமாகத் திருப்பி அதன் கழுத்து ஆடாமல் இறுக்கினார்கள். லூடிங் சற்றுக் குள்ளமான, உறுதியான பெண். கையைத் துடைத்துக்கொண்டு வந்து கன்னத்தோடு கன்னம் வைத்து வரவேற்று, ஹாமை வாங்கி உள்ளே வைத்தாள். பன்சித் நூடுல்ஸும் பெரிய பாட்டில் கோக்கும் வாங்க ஜெனலின் ஓடினாள். கடைக்குட்டி விளையாடப் போயிருந்தான். ஓடியவள் வழியில் டாக்டரம்மா வந்திருக்காங்க என்று சொல்லிவிட்டுப் போயிருக்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் வாசலில் நாலு பேர் நின்றார்கள். ஒருத்தி இடுப்பிலிருந்த குழந்தையின் முதுகைத் திருப்பிக் காட்டினாள். சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. ஒரு கிழவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பிரஷர் பார்க்க நீட்டினார்.

மாங் நார்சிங் தலையில் கையை வைத்துக்கொண்டார். "யோவ், இவங்க அந்த டாக்டர் இல்லைய்யா. இவங்க நாட்டுக்கு டாக்டர்."

"அப்ப நாட்டுக்கு என்ன வியாதியாம்?" என்றார் கிழவர், கையை மடக்காமலே.

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தெலாவும் சிரித்தாள். அப்படிச் சத்தமாகச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் நாட்டுக்கு டாக்டர் என்றதும் அவர்கள் போகவில்லை. இன்னும் நெருங்கி வந்தார்கள். மேட்டு வரிசைக்குக் குழாய்த் தண்ணீர் எப்ப வரும், உயர்நிலைப் பள்ளிக்கு அடிக்கல் போட்டு நாலு வருஷமாச்சே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தான் இப்போது அங்கே இல்லை, வேலையை விட்டாயிற்று என்று அவள் சொன்னாள். ஓகோ என்றார்கள். அதற்குப்பின் யாரும் எதுவும் கேட்கவில்லை. குழந்தைக்காரி முதலில் போனாள். கிழவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, நாளைக்குக் கோழிச்சண்டைக்கு வர்றியா என்று நார்சிங்கிடம் கேட்டுவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு கிடைத்த இடைவெளியில்தான் எஸ்தெலா சுவரைப் பார்த்தாள். குழந்தை இயேசுவின் சொரூபத்துக்கும் ஜெனலினின் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவே சட்டம் போட்ட ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. மேடை. பின்னால் நீலத் துணியில் திட்டத்தின் பெயர். சந்தன நிறச் சட்டையில் தான் நிற்பது தெரிந்தது. பெரிதாக வெட்டிய அட்டைச் சாவி ஒன்றை ஒரு பெண்ணின் கையில் கொடுத்தபடி, அந்தப் பெண்ணைப் பார்க்காமல், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாவி வாங்குகிற பெண் லூடிங்.

அந்த விழா நினைவிருந்தது. பிப்ரவரி. வெயில். பதினைந்து குடும்பங்களுக்கு அடையாளமாகச் சாவி கொடுக்கச் சொன்னார்கள். அவளை அங்கே ஓட்டிக்கொண்டு வந்தவர் நார்சிங்தான்.

"நீங்க அன்னைக்கு எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"வண்டியிலதான், டாக்டரம்மா. மாமரத்துக்குக் கீழ நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து மேடை நல்லாத் தெரிஞ்சுது."

சொல்லிவிட்டு அவர் விசிறியின் இறுக்கத்தைச் சரிபார்க்கப் போனார். அது சரியாகத்தான் இருந்தது. எஸ்தெலா அன்று திரும்பிவரும்போது காரில் என்ன பேசினோம் என்று நினைவைக் கிளறிப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. களைப்பில் தூங்கியிருக்கலாம். தூங்கினால் அவர் வானொலியை அணைத்துவிடுவார்.

அப்படியானால் அதற்குப்பின் ஆறு வருடம், ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு என் வீட்டு வாசலில், என்று அவள் ஆரம்பித்தாள். முடிக்கவேண்டிய தேவை இல்லாமல் லூடிங் சொன்னாள். ராத்திரி ஒரு மணிக்கு அவள் எழுந்து சோறு வடித்துவிடுவாளாம். இரண்டரைக்கு நெடுஞ்சாலையில் காய்கறி லாரி வரும், அதில் ஏறிக்கொள்வார். நாலரைக்குக் கொட்டகை. அங்கே குளித்து, சட்டை மாற்றி, வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்புவார். அப்புறம் ஒரு மழை நாளில் லாரி சேற்றில் மாட்டி அவர் இருபது நிமிடம் பிந்தினாராம்.

"அன்னைக்கு நீங்க சொன்னீங்களாம், மாங் நார்சிங், மத்தவங்க நேரத்துக்கும் ஒரு மதிப்பு இருக்குன்னு. வந்து சொன்னார். அதுல இருந்துதான் வாரத்துல மூணு நாலு நாள் அங்கேயே படுத்துக்க ஆரம்பிச்சார். டயர் அடுக்கியிருக்கிற ரூமுக்குள்ள, அட்டையை விரிச்சு." லூடிங் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பதுபோலச் சொன்னாள்.

எஸ்தெலாவுக்கு அப்படிச் சொன்னதாக நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பாள். அது அவள் வாக்கியம்தான். வகுப்பில் முதல் நாள் கரும்பலகையில் எழுதுகிற வாக்கியம்.

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

மாங் நார்சிங் லூடிங்கைப் பார்த்தார். இந்தக் கேள்வி இந்த வீட்டில் முன்பே பலமுறை கேட்கப்பட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"நீங்க நல்லவங்க டாக்டரம்மா," என்றார். "அதனாலதான். சொல்லியிருந்தா பாவம், தூரத்துல இருந்து வர்றார்னு பக்கத்து ஊர் ஆபீஸ் எதுலயாவது போடச் சொல்லியிருப்பீங்க. அங்க போனா ஓவர்டைம் கிடையாது. ஜெனலின் படிப்பு நின்னிருக்கும்."

அவர் சொன்னது சரி. அப்படித்தான் செய்திருப்பாள், அன்றைக்கே, ஒரு சின்னக் குறிப்பு எழுதி. செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியும் இருப்பாள்.

"அப்ப அந்த மீன் விலையெல்லாம்?" என்றாள்.

"இந்தச் சந்தை விலைதான். மணிலாவைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்." அவர் முகத்தில் பழைய காரோட்டியின் குறும்பு ஒரு கணம் வந்துபோனது. "மந்திரிங்க யாரும் கண்டுபிடிக்கலையா?"

பன்சித் வந்தது. எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது ஜெனலின் அவளிடம் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். கல்லூரியில் பாடம் எடுப்பதாகச் சொன்னாள். என்ன பாடம் என்றாள் அந்தப் பெண், கணக்கர் படிப்புப் படித்தவளுக்கு உண்மையான ஆர்வம். பெரிய திட்டங்களை எப்படி மதிப்பிடுவது, போடுகிற செலவுக்கு ஏற்ற நன்மை உண்டா என்று எப்படிப் பார்ப்பது, அதுதான் பாடம் என்றாள் எஸ்தெலா.

லூடிங் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப எங்களுது? தேறுச்சா?"

கிண்டலா, நிஜமாகக் கேட்கிறாளா என்று எஸ்தெலாவால் பிரிக்க முடியவில்லை. டாக்டரம்மா, ஆறிடும், சாப்பிடுங்க என்று மாங் நார்சிங் குறுக்கே வந்தார். ஆனால் எஸ்தெலா அந்தக் கேள்வியை விட்டுவிட்டு எழுந்திருக்க முடியாது என்று உணர்ந்தாள். அறிக்கையின் பக்கம் கண்முன் அப்படியே வந்தது. ரயிலில் போகப்போகிற லட்சக்கணக்கானவர்களுக்கு மிச்சமாகும் நேரத்தை நிமிடம் நிமிடமாகக் கூட்டி, அதற்கு மதிப்புப் போட்டு, நன்மைப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். அதனால்தான் திட்டம் தேறியது. இடம்பெயர்கிறவர்களுக்குக் கூடுகிற நேரத்துக்கும் ஒரு வரி இருந்தது. அதை அவளேதான் சேர்க்கச் சொன்னாள், வேறு யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் எதிரே எண் போடவேண்டி வந்தபோது கூட்டத்தில் நேரமாகிக்கொண்டிருந்தது.

"தேறுச்சு," என்றாள். "உங்க பயண நேரத்துக்கு நான் பூஜ்யம் போட்டேன். அதனால தேறுச்சு."

"பூஜ்யம்னா?"

"இங்க வந்தவங்க கொஞ்ச நாள்ல பக்கத்துலயே வேலை தேடிக்குவாங்க, மணிலாவுக்குப் போகவேண்டியிருக்காதுன்னு எழுதினேன்."

லூடிங் அவளைப் பார்த்தாள். பிறகு திறந்திருந்த வாசல் வழியாக வெளியே பார்த்தாள். மேட்டில் ஏறும் தெரு, வெயிலில் காயும் துணிகள், ஒரு தண்ணீர் வண்டி, அதற்குப் பின்னால் புல் முளைத்த சரிவு.

"இங்கயா?" என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஜெனலின் அம்மா என்று அதட்டினாள். மாங் நார்சிங் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எஸ்தெலா அதற்கு மன்னிப்புக் கேட்டிருப்பாள். வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்த சொற்கள் அதற்குத்தான் இருந்தன. அவற்றை எடுத்து நீட்ட இப்போது இடமே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்ட லூடிங் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் பன்சித் வைத்தாள். வீடு சொந்த வீடு, பத்திரம் இருக்கு, ரயில் சத்தம் இல்லாமல் முதல் வருஷம் தூக்கமே வரல, இப்ப பழகிடுச்சு என்று வேறு பேச்சுக்குப் போனாள். படத்தை ஏன் மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று எஸ்தெலா கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. அது அவர்களுடைய சுவர்.

நாலு மணிக்குக் கிளம்பினாள். நெடுஞ்சாலை வரைக்கும் மாங் நார்சிங் தன் தொட்டி வண்டியிலேயே கொண்டுபோய் விட்டார். ஓய்வுப் பணத்தில் வாங்கியதாம். எவர்சில்வர் தகட்டில் மூன்று பிள்ளைகளின் பெயரும் எழுதியிருந்தது. பின்னால் உட்கார்ந்து அவர் கழுத்தைப் பார்த்தே பழகியவள், இப்போது அவருக்குப் பக்கத்தில், அவர் முழங்கால் உயரத்தில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஆளுக்கு ஆள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவரை அவர் செல்லமாகத் திட்டினார், ஒருவரிடம் சாயங்காலம் வருகிறேன் என்றார். வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று அவள் கத்தினாள். பார்க்கலாம் டாக்டரம்மா என்றார். அவருக்கு இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள்: பூசை, கோழிச்சண்டை, கடைக்குட்டியின் கூடைப்பந்து. அவளுடைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் ஒருபோதும் கேட்டதில்லை. ஓட்டுநர் கேட்கிற கேள்வி அல்ல அது.

பேருந்து வந்தது. அவர் கைகாட்டி நிறுத்தி, நடத்துனரிடம் இவங்களைப் பார்த்து இறக்கிவிடுங்க என்று சொன்னார். பிறகு படியில் ஏறியவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இனிமே இவ்வளவு தூரம் கஷ்டப்பட்டு வராதீங்க, டாக்டரம்மா. நேரம்தான் வீணாகும்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பேருந்து நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தாள். அவர் அதற்குள் வேறொரு பெண்ணையும் அரிசி மூட்டையையும் தொட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அடுத்த நிறுத்தத்தில் பத்துப் பதினைந்து பேர் ஏறினார்கள். எல்லோரும் இரவுப் பணிக்கு மணிலா போகிறவர்கள், கழுத்தில் அடையாள அட்டை, மடியில் சோற்றுப் பெட்டி. ஓர் இளம்பெண் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, உட்கார்ந்த கணத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள். இப்போதுதான் குளித்திருந்தாள். முடியிலிருந்து இன்னும் சொட்டியது. சாலை வளைந்த இடத்தில் அவள் தலை சரிந்து எஸ்தெலாவின் தோளில் வந்து விழுந்தது. தட்டி எழுப்பலாமா என்று நினைத்தாள். அந்தப் பெண்ணின் வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்தது.

ஊர்கள் தாண்டின. வெளிச்சம் மங்கி, கடைகளில் நட்சத்திர விளக்குகள் எரியத் தொடங்கின. பாலத்துக்கு அப்பால் அவள் இறங்கவேண்டிய நிறுத்தத்தின் பெயரை நடத்துனர் இரண்டு முறை கூவினார். முன்னால் வந்து அவளைப் பார்த்து, இதுதானே என்று சைகையில் கேட்டார். எஸ்தெலா தோளை அசைக்காமல் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள். கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பெண்ணின் முடி ஈரம் அவள் சட்டைத் தோளில் மெல்லப் பரவி, கைப்பக்கம் இறங்கி, சில்லென்று ஒட்டிக்கொண்டது.